டி.டி. ஊசியின் பூர்வீகம்

கொடைக்கானல் ஏரியைச் சுற்றி நடக்கிறவர்களுக்குக் குதிரை லத்தி புதிதல்ல. சவாரிக் குதிரைகள் போகும் வழியெல்லாம் அது கிடக்கும். நாம் ஒதுங்கி நடப்போம், சிலர் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள், தோட்டம் வைத்திருப்பவர்கள் கூடையோடு வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். வெள்ளகவி போலச் சாலையில்லாத மலையூர்களுக்கு அரிசி மூட்டையும் உப்பும் இன்னமும் குதிரை முதுகில்தான் போகின்றன. இந்தக் குதிரைக்கும் நாம் எல்லோரும் ஒரு தடவையாவது போட்டுக்கொண்ட டி.டி. ஊசிக்கும் நெடுநாள் சொந்தம் உண்டு. அந்த உறவைத்தான் இன்றைக்கு எழுத நினைத்தேன்.

ரண ஜன்னி என்றும் வில்வாதம் என்றும் தனுர்வாதம் என்றும் நம் பெரியவர்கள் சொன்ன நோய் டெட்டனஸ். உடம்பு வில்லாக வளைந்துவிடுவதால் வந்த பெயர். முதலில் தாடை இறுகும், வாய் திறக்காது. பிறகு கழுத்து, முதுகு. கதவு படாரென்று சாத்தினாலே உடம்பு தூக்கிப் போடும். கடைசி வரை நினைவு தப்பாது என்பதுதான் இதில் கொடுமை. இதன் கிருமி குதிரை, மாடு முதலிய பிராணிகளின் குடலில் சாதுவாகக் குடியிருக்கிறது. சாணத்தோடு மண்ணுக்கு வந்ததும் விதை போன்ற ஓர் உறைக்குள் சுருண்டுகொண்டு வருஷக்கணக்கில் காத்திருக்கும். கொதிக்கும் தண்ணீருக்கும் சட்டென்று சாகாது. காற்றுப் படாத ஆழமான காயம் கிடைத்தால் விழித்துக்கொள்ளும். துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் ஜன்னி வரும் என்று நம்மில் பலர் இன்னும் நினைக்கிறோம். துருவுக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை. ஆணியில் ஒட்டியிருக்கும் மண்ணுக்குத்தான் சம்பந்தம். ரோஜா முள்ளும் கேரட் தோண்டும் மண்வெட்டியும் அதே வேலையைச் செய்யும்.

இந்தக் கிருமி உடம்பெங்கும் பரவுவதில்லை, காயத்தின் மூலையிலேயே உட்கார்ந்திருக்கும். ஆளைக் கொல்வது அது கக்கும் நஞ்சு. நரம்பு வழியே முதுகுத் தண்டுக்கு ஏறி, தசைகளைத் தளரச் சொல்லும் உத்தரவை அது தடுத்துவிடுகிறது. இழுக்கும் உத்தரவு மட்டும் போய்க்கொண்டே இருக்கும். ஒரு கிராமை 100 கோடிப் பங்காக்கினால், வளர்ந்த ஆளைக் கொல்ல அதில் 200 பங்குகூட வேண்டாம். தொண்டை அடைப்பான் எனப்படும் டிப்தீரியாவும் இப்படித்தான். கிருமி தொண்டையில் இருக்கும், அதன் நஞ்சு இருதயத்தைத் தாக்கும்.

கிருமி வேறு, நஞ்சு வேறு என்று பிரித்துக் காட்டியவர்கள் பாரிஸ் பாஸ்டர் நிலையத்து எமில் ரூவும் அலெக்ஸாந்தர் யெர்சினும். ஆண்டு 1888. நம் வீடுகளில் முன்பெல்லாம் எவர்சில்வர் வாட்டர் ஃபில்டர் இருக்குமே, உள்ளே வெள்ளைப் பீங்கான் கேண்டில் வைத்தது, அதன் மூதாதையை பாஸ்டரின் உதவியாளர் ஷாம்பெர்லான் செய்திருந்தார். டிப்தீரியாக் கிருமி வளர்ந்த சாற்றை அதில் வடிகட்டினார்கள். கிருமி தங்கிவிட்டது, தெளிந்த நீர் மட்டும் இறங்கியது. அதைப் பிராணிகளுக்குப் போட்டபோது கிருமியே இல்லாமல் அதே நோய்க்குறிகள் வந்தன.

யெர்சினைப் பற்றி ஒரு வார்த்தை. புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்கள் தலைமுறைக்கு பாஸ்டர், ரூ, யெர்சின் எல்லாம் மனப்பாடப் பெயர்கள். யெர்சின் பாரிஸில் நிலைக்காமல் இந்தோசீனாவுக்குக் கப்பலேறினார். 1894-ல் ஹாங்காங்கில் பிளேக் கிருமியைக் கண்டார். பிறகு ஞாத்ராங்கில் குதிரைகளும் மாடுகளும் வளர்த்துச் சீரம் தயாரித்தார். தாலாத் என்ற குளிர்ந்த மலைமேட்டைக் கண்டு, வெள்ளைக்காரர் இளைப்பாற ஏற்ற இடம் என்று பரிந்துரைத்தவரும் அவர்தான். ஏரி, பைன் மரம், காய்கறித் தோட்டம் என்று அந்த ஊரின் படத்தைப் பார்த்தால் நம் கொடைக்கானல் ஞாபகம் வரும். நம் ஊர் பிறந்ததும் நோய்க்குப் பயந்துதான். மதுரையில் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் ஆட்களை இழந்த அமெரிக்க மிஷனரிகள் 1845-ல் இங்கே இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள்.

குதிரை இப்போது வருகிறது. 1890-ல் பெர்லினில் பேரிங்கும் ஜப்பானியரான கிடசாட்டோவும் ஓர் உண்மையைக் கண்டார்கள். டெட்டனஸ் நஞ்சைக் கொல்லாத அளவில் பிராணிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கினால், அதன் ரத்தத்தில் நஞ்சை முறிக்கும் பொருள் ஊறுகிறது. அந்தச் சீரத்தை வேறொரு பிராணிக்குக் கொடுத்தால் அதுவும் பிழைக்கிறது. பேரிங்குக்கு 1901-ல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு கிடைத்தது. பெரிய உடம்பும் நிறைய ரத்தமும் உள்ள குதிரையை இதற்குத் தேர்ந்தெடுத்தார் ரூ. 1894-ல் பாரிஸ் குழந்தைகள் மருத்துவமனையில் தொண்டை அடைப்பான் கண்ட குழந்தைகளுக்குக் குதிரைச் சீரம் போட்டார். பாதிக்கு மேல் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நாலில் ஒன்றாகக் குறைந்தது. 'ஃபிகாரோ' பத்திரிகை நிதி திரட்டியது, ஜனங்கள் அள்ளிக் கொடுத்தார்கள், பாரிஸை ஒட்டிய கார்ஷில் குதிரை லாயங்கள் எழுந்தன.

நம் வயதுக்காரர்களுக்கு ஏ.டி.எஸ். என்ற மூன்றெழுத்து ஞாபகம் இருக்கும். காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் கையில் தோலுக்கடியில் துளி மருந்தைப் போட்டு உட்கார வைப்பார்கள். தடித்தால் ஊசி கிடையாது. அது குதிரைச் சீரம்தான். குதிரையின் சரக்கு என்பதால் நம் உடம்பு சில சமயம் அதை எதிர்த்துக் கிளம்பும், மூச்சு முட்டும், உயிருக்கே ஆபத்தாகும். ஒத்துக்கொண்டாலும் சில வாரங்களில் கரைந்துவிடும். இரவல் நகை மாதிரி, கல்யாணம் முடிந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இரவலில் வேறு ஆபத்தும் இருந்தது. 1901-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜிம் என்ற குதிரை டிப்தீரியாச் சீரம் கொடுத்துக்கொண்டிருந்தது. பால் வண்டி இழுத்த குதிரை. அதற்கே ரண ஜன்னி கண்டுவிட்டது. கொன்றார்கள், ஆனால் அதன் சீரம் ஏற்கெனவே புட்டிகளில் போயிருந்தது. 13 குழந்தைகள் இறந்தார்கள். தடுப்பு மருந்துத் தயாரிப்பை அரசு கண்காணிக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1902-ல் சட்டம் வந்ததற்கு இது ஒரு காரணம்.

அதே 1902-ல் நம் நாட்டிலும் இதே எமன் வேறு வேஷத்தில் வந்தான். பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமம். அக்டோபர் 30 அன்று ஊராருக்குப் பிளேக் தடுப்பூசி போட்டார்கள். பம்பாயில் ஹாஃப்கின் நடத்திய ஆய்வுக்கூடத்துச் சரக்கு. ஒரே ஒரு புட்டியிலிருந்து போட்டுக்கொண்ட 19 பேரும் ரண ஜன்னி கண்டு இறந்தார்கள். மற்றப் புட்டிகளில் போட்டுக்கொண்டவர்களுக்கு ஒன்றுமில்லை. பழி ஹாஃப்கின் தலையில் விழுந்தது, வேலை போயிற்று. புட்டியைத் திறந்தபோது கீழே விழுந்த இடுக்கியைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் உபயோகித்தார்கள் என்ற உண்மை மெதுவாகத்தான் வெளியே வந்தது. மலேரியா புகழ் ரொனால்டு ராஸ் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையில் அவருக்காக வாதாடினார். 1907-ல்தான் அவர் மேல் குற்றமில்லை என்று முடிவாயிற்று. அரசாங்கத்தில் கோப்பு நகரும் வேகம் எனக்குத் தெரியும். ஐந்து வருஷம் எனக்கு ஆச்சரியமில்லை, அந்த மனிதர் பட்ட பாட்டை நினைத்தால்தான் மனசு கனக்கிறது. பம்பாய் ஆய்வுக்கூடத்துக்கு 1925-ல் அவர் பெயரையே வைத்தார்கள்.

ஆகவே இரவல் சீரம் போதாது, நம் உடம்பே முறிவைச் சுரக்க வேண்டும். அதற்கு நஞ்சை உடம்புக்குக் காட்டியாக வேண்டும், காட்டினால் ஆள் போய்விடுவான். இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஒரு மாட்டு வைத்தியர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

காஸ்தோன் ரமோன் 1886-ல் பிறந்தவர், அல்ஃபோர் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கார்ஷில் குதிரைகளைப் பார்த்துக்கொள்வதும் சீரம் எடுத்துப் புட்டிகளில் நிரப்புவதும் அவர் வேலை. பின்னாளில் ரூவின் உறவுக்காரப் பெண்ணையே மணந்துகொண்டார். அது உதவியதா இல்லையா என்று நான் சொல்லப் போவதில்லை. அந்தக் காலத்தில் பால் கெடாமலிருக்க ஃபார்மலின் சேர்க்கும் வழக்கம் இருந்தது. ஃபார்மலினின் குணம் ரமோனுக்குப் பழக்கம். 1922-ல் நஞ்சையும் சீரத்தையும் சரியான அளவில் கலந்தால் பால் திரிவதுபோலத் திரிதிரியாகத் திரளுவதைக் கண்டு, அதையே அளவுகோலாக்கினார். அதுவரை ஒவ்வொரு அளவைக்கும் கினிப் பன்றிகள் சாக வேண்டியிருந்தது.

நஞ்சு கெடாமலிருக்கட்டும் என்று ஃபார்மலினைத் துளி சேர்த்து, உடம்புச் சூட்டில் ஒரு மாதம் போல வைத்தார். கொல்லும் குணம் போய்விட்டது. கினிப் பன்றிக்கு எவ்வளவு போட்டாலும் சாகவில்லை. ஆனால் சீரத்தோடு கலந்தால் முன்போலவே திரண்டது! உருவம் மாறவில்லை, பல் மட்டும் விழுந்துவிட்டது. அதைப் போட்டுக்கொண்ட பிராணிக்குப் பிறகு அசல் நஞ்சைக் கொடுத்தாலும் ஒன்றும் ஆகவில்லை. 1923 டிசம்பரில் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் இதை அறிவித்து 'அனதொக்ஸின்' என்று பெயர் சூட்டினார். ஆங்கிலத்தில் டாக்ஸாய்டு என்றார்கள், நஞ்சு போன்றது என்று பொருள். நாம் சொல்லும் டி.டி.யின் இரண்டாவது 'டி' இதுதான். டெட்டனஸ் நஞ்சுக்கும் அடுத்த ஆண்டே இந்த வித்தை பலித்தது. முதல் பயன் குதிரைகளுக்கு. பச்சை நஞ்சு ஏற்றி வதைக்காமல், பல் பிடுங்கிய நஞ்சால் அவற்றைப் பழக்க முடிந்தது.

இங்கிலாந்தில் வெல்கம் ஆய்வுக்கூடத்தில் கிளென்னி என்பவர் ஏறத்தாழ அதே சமயம் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே பெரிய ஜாடிகளை ஃபார்மலின் ஊற்றிக் கழுவுவார்கள். சரியாக அலசாத ஜாடியில் வைத்த நஞ்சு பலமிழந்திருந்தது. வேறொருவர் கொட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார், கிளென்னி அதைச் சோதித்துப் பார்த்தார்.

இன்னொரு விஷயம் நம் சமையலறைக்குச் சொந்தமானது. ஊசி போட்ட இடம் வீங்கிச் சீழ் கட்டிய குதிரைகளின் சீரம் கூடுதல் வீரியத்தோடு இருந்ததை ரமோன் கவனித்தார். வேண்டுமென்றே கொஞ்சம் எரிச்சலூட்டினால் என்ன என்று மருந்தோடு ரொட்டித் தூளைச் சேர்த்தார், பிறகு மரவள்ளி மாவைச் சேர்த்தார். ஆமாம், சேலத்து ஜவ்வரிசியின் மூலப்பொருள்தான்! பலன் பெருகியது. கிளென்னி 1926-ல் படிகாரத்தைச் சேர்த்தார். சவரக்கடையில் முகத்தில் தேய்ப்பார்களே அதே இனம். ஜவ்வரிசி நிலைக்கவில்லை, படிகாரத்தின் அலுமினிய உப்பு நிலைத்தது. இன்றைய ஊசி மருந்து வெண்மையாகக் கலங்கலாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

ரமோனின் பெயர் நோபல் பரிசுக்கு 155 தடவை சிபாரிசு செய்யப்பட்டது. கிடைக்கவேயில்லை. 1963-ல் காலமானார்.

அம்மை ஒரு தடவை வந்தால் மறு தடவை வராது என்று அறிந்த நமக்கு ஒன்று விசித்திரமாகத் தோன்றும். ரண ஜன்னி வந்து பிழைத்தவருக்கும் அது மறுபடி வரலாம். நோய் தர வேண்டிய நஞ்சின் அளவு அத்தனை சொற்பம், உடம்பு அதைக் கண்டுகொண்டு முறிவு தயாரிக்கும் அளவுக்குக்கூட அது போதாது. நோயே தர முடியாத பாதுகாப்பை ஊசி தருகிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் எல்லோருக்கும் இதைப் போட்டார்கள். காயத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் 27 லட்சத்துக்கும் மேல், ரண ஜன்னி கண்டவர்கள் 12 பேர்.

பல் பிடுங்கும் வேலையை அரைகுறையாகச் செய்தால் என்னாகும் என்பதையும் உலகம் பார்த்தது. 1948-ல் ஜப்பானில் கியோட்டோவிலும் ஷிமானேயிலும் நஞ்சு முழுதும் முறியாத டிப்தீரியா மருந்து குழந்தைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அதனால்தான் ஒவ்வொரு தொகுதியிலும் நஞ்சு மிச்சமிருக்கிறதா என்று பார்த்த பிறகே மருந்து வெளியே வர வேண்டும் என்ற கட்டாயம்.

நம் பக்கத்து மலைக்கு வருவோம். குன்னூரில் பாஸ்டர் பெயரில் நிலையம் 1907-ல் ஏற்பட்டது. நாய்க்கடிக்காக வந்தது. அதற்கு முன் கடிபட்டவர்கள் இமயமலைப் பக்கம் கசௌலி வரை ரயிலேற வேண்டியிருந்தது, போய்ச் சேருவதற்குள் பலருக்குக் காலம் முடிந்துவிடும். 1980-களில் குன்னூரில் முத்தடுப்பு மருந்தும் தயாராகத் தொடங்கியது. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி என்று சுகாதார நிலையச் சுவர்களில் எழுதியிருந்த மூன்று நோய்களுக்கும் ஒரே ஊசி. இதில் முதலும் கடைசியும் ரமோன் வழி வந்தவை. கக்குவானுக்கு மட்டும் கொன்ற கிருமி.

1978-ல் நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் வந்தது, 1985-ல் அது விரிவடைந்தது. கர்ப்பிணிகளுக்கு டி.டி. போடுவது 1983-லிருந்து திட்டத்தின் பகுதி. தாய்க்குப் போடுவது சிசுவுக்காக. அந்த நாளில் மலைக் கிராமங்களில் பிரசவம் வீட்டில்தான். தொப்புள் கொடியை அரிவாளாலோ கையில் கிடைத்த பிளேடாலோ அறுப்பார்கள், அறுத்த இடத்தில் சாம்பலோ சாணமோ வைப்பார்கள். இரண்டு மூன்று நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை பிறகு வாய் திறக்காது, விறைக்கும், ஓரிரு நாளில் போய்விடும். பேய் அறைந்தது, காற்று பட்டது என்பார்கள். பெயர்கூட வைத்திராத குழந்தை, பிறப்பும் பதிவாகியிருக்காது, இறப்பும் பதிவாகியிருக்காது. பேரேடுகளைக் கட்டி அழுதவன் என்ற முறையில் சொல்கிறேன், எழுதப்படாத அந்த வரிகள்தான் அதிகம். இந்தியாவில் வருஷத்துக்கு ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் சிசுக்கள் இப்படிப் போனதாக மதிப்பிட்டார்கள்.

தாய்க்கு ஊசி போட்டால் அவள் ரத்தத்தில் ஊறும் முறிவு கருவுக்கும் போகிறது. முதல் சில வாரங்களுக்கு அது குழந்தைக்குக் கவசம். அதோடு சுத்தமான கை, சுத்தமான விரிப்பு, சுத்தமான பிளேடு, சுத்தமான நூல், எதுவும் தடவாத தொப்புள் என்று ஐந்தைச் சொல்லிக் கொடுத்தார்கள். இதைப் பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும், அதையும் தாண்டிக் குதிரைப் பாதை ஊர்களுக்கும் தோளில் மருந்துப் பெட்டியோடு கொண்டு போனவர்கள் கிராம சுகாதாரச் செவிலியர்கள். ரமோன் பெயரை அவர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்களோ, அவர் வேலையை முடித்து வைத்தவர்கள் அவர்கள்தான். 2015-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவில் பிறந்த சிசுக்களின் ரண ஜன்னி ஒழிந்தது என்று ஏற்றுக்கொண்டது. எந்த மாவட்டத்திலும் 1000 பிறப்புக்கு ஒன்றுக்கும் கீழே என்பது அதற்கு அளவு. கிருமி ஒழியவில்லை. மண்ணில் அப்படியேதான் இருக்கிறது.

மலைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. தடுப்பு மருந்து என்றால் எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு நல்லது என்று நினைப்போம். போலியோ சொட்டு மருந்துக்கு அது சரி. டி.டி. உறைந்தால் கெட்டுப்போகும். படிகார உப்பில் ஒட்டியிருக்கும் மருந்து, உறைந்து உருகியதும் கட்டிகட்டியாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும், வீரியம் போய்விடும். 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டும். ஐஸ் கட்டியை ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு புட்டிக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது, கொஞ்சம் வியர்க்க விட்டு வைக்க வேண்டும். சந்தேகமிருந்தால் புட்டியைக் குலுக்கிவிட்டு, சீக்கிரம் அடியில் படிகிறதா என்று பார்ப்பது செவிலியர்களுக்குத் தெரிந்த சோதனை. புல்லில் உறைபனி வெளுத்துக் கிடக்கும் ஜனவரி விடியலில் மருந்தோடு புறப்படுகிறவர்களுக்கு வெயில் மட்டும் எதிரியல்ல.

2008 ஜனவரியில் கசௌலி, குன்னூர், கிண்டி ஆகிய மூன்று மத்திய அரசு நிலையங்களின் தயாரிப்பு உரிமத்தை, தரக் கட்டுப்பாட்டு முறைகள் போதவில்லை என்று நிறுத்தி வைத்தார்கள். கட்டடமும் முறைகளும் பழசாகிவிட்டன என்பது உண்மைதான். கியோட்டோவை நினைத்தால் கண்டிப்பு வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மாற்று ஏற்பாடு செய்து, பழசைப் புதுப்பித்து, பிறகு மூடுவதுதான் நிர்வாகம். நாடெங்கும் தடுப்பு மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது, தனியாரிடம் வாங்க வேண்டியதாயிற்று. 2010-ல் அந்த உத்தரவை விலக்கிக்கொண்டார்கள். அரசு ஊழியனாக இருந்தவனின் பாசம் என்று வேண்டுமானால் நினைத்துக்கொள்ளுங்கள்.

2011 டிசம்பரில் முத்தடுப்பு ஐந்தடுப்பாயிற்று. அதை முதலில் போட்டவை தமிழ்நாடும் கேரளமும். 2019-லிருந்து திட்டத்தில் டி.டி.யின் இடத்தில் டி.டி.யும் தொண்டை அடைப்பான் மருந்தும் சேர்ந்த ஊசி வந்திருக்கிறது. பெரியவர்களுக்கு டிப்தீரியா பாதுகாப்பு தேய்ந்துவிடுவதால் அதன் அளவைக் குறைத்துச் சேர்த்திருக்கிறார்கள்.

தேய்வது என்றதும் நம் கணக்குக்கு வருகிறேன். பிரெஞ்சில் மறு ஊசிக்கு 'ரப்பெல்' என்று பெயர், ஞாபகப்படுத்துதல் என்று அர்த்தம். பத்து வருஷத்துக்கு ஒரு முறை உடம்புக்கு ஞாபகப்படுத்த வேண்டும். நம் வீட்டுப் பெண்களுக்குப் பிரசவ காலத்திலாவது ஊசி விழுந்திருக்கும். நம் வயது ஆண்கள் பிறந்தபோது திட்டமே கிடையாது. சிலருக்குக் காயம் பட்ட அன்று போட்ட ஒரே ஒரு டி.டி.தான் மொத்தக் கணக்கு, அதுவும் எந்த வருஷம் என்று கேட்டால் முழிப்போம். முதல் தடவை என்றால் ஒன்று போதாது. ஒரு மாத இடைவெளியில் இரண்டாவது, ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் மூன்றாவது. ரோஜாச் செடிக்கு லத்தி உரம் போடுகிறவர்கள், கையுறை இல்லாமல் பூண்டுப் பாத்தியில் இறங்குகிறவர்கள், காலில் சர்க்கரைப் புண் உள்ளவர்கள், அடுத்த தடவை பிரஷர் மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது டாக்டரிடம் கேளுங்கள். சின்னப் புட்டி, குலுக்கினால் வெண்மையாகக் கலங்கும்.